புரிகிற பாஷையில் எழுது

கண்ணு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். மழையும் பயிரும் பரவாயில்லை. அதையெல்லாம் கேட்கிற மனநிலையில் நீ இருக்க மாட்டாய் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கிற எஸ்டேட்டில் அந்தச் சூரியநெல்லிப் பெண்ணைக் கட்டிக்கொள்ள என் சம்மதம் கேட்டு நீ எழுதி இரண்டு மாதம் ஆகப்போகிறது. அப்பன் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்திருப்பாய். முறுக்கிக்கொண்டுதான் இருந்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. உனக்கான பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ காது கொடுத்துக் கேட்க மாட்டாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். வழக்கம்போலத் தமிழில்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறாய் என்பது எனக்குத் தெரிந்ததுதான்.

நீ மலையாளத்தில் எழுதிய அந்தக் கடிதம் வந்த அன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். மலையாளம் காதில் விழுந்தால் எனக்குப் புரியும், கண்ணில் பட்டால் புரியாது. அதனால் உன் கடிதம் எது வந்தாலும் தபால்காரர் வாசலில் நின்று படித்துக் காட்டிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார். உன் அம்மா கையில் முறத்தோடு வந்து நின்றாள். பாதி வரும்போதே தபால்காரருக்குக் குரல் இறங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் பொறுமை என்ன, அவள் குரல் என்ன, கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த கிழவிகளையெல்லாம் கையெழுத்துப் போட வைத்தது என்ன, யாரையும் ஏளனமாகச் சிரிக்காத குணம் என்ன, இரண்டு தாள் நிறைய எழுதியிருந்தாய். படித்து முடித்த தபால்காரர், "மோனுக்கு நல்ல கையெழுத்தாணு, கேட்டோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பெற்ற தாயைப் பற்றி இரண்டு வரி எழுதத் தெரியாதவன் இரண்டு தாள் எழுதியிருக்கிறானே என்று எனக்குச் சுருக்கென்றது.

என் கோபத்துக்குக் காரணம் உனக்குத் தெரியாதது அல்ல. உன் மாமன் மகள் திருச்சியில் காலேஜில் படிக்கிறாள். உனக்கு அவள்தான் என்று இரண்டு வீட்டிலும் ஒரு நினைப்பு. நானே ஒரு கடிதத்தில் ஜாடையாக எழுதியிருந்தேன். மாமன் பெண் இருக்கும்போது வெளியே பெண் தேடுவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. போதாததற்கு அந்தப் பெண் வீட்டார் வேறு இனம், திருநெல்வேலியிலிருந்து மலையேறி எஸ்டேட்டில் தங்கிப் போனவர்கள். இதை மாமனிடம் எந்த முகத்தோடு சொல்வது என்ற கலக்கம் ஒரு பக்கம், உன்மேல் எரிச்சல் ஒரு பக்கம். ஒரு கார்டை எடுத்து, "எனக்குப் புரிகிற பாஷையில் எழுது" என்று ஒரே வரி எழுதித் தபாலில் போட்டேன்.

மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது யார் என்று நீ திருப்பிக் கேட்கலாம். நான்தான் சேர்த்தேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படவில்லை. நான் பிறந்தபோது கொல்லங்கோடு மெட்ராஸ் ராஜதானியில் இருந்தது. நான் ஊரை விட்டு எங்கும் போகவில்லை, ஊர்தான் ஒரு நாள் கேரளாவுக்குப் போய்விட்டது. நீ பள்ளிக்கூடம் போகிற வயசில், வாய்க்கால் தண்ணீர் விஷயமாகத் தமிழில் ஓர் அபேட்சை மனு எழுதிக்கொண்டு ஓர் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், "இது மலையாளத்தில் எழுதிக்கொண்டு வரணும்" என்று திருப்பி நீட்டினார். மரியாதையாகத்தான் சொன்னார். வெளியே வந்து புளிய மரத்தடியில் நின்று, என் மகன் இப்படிக் காகிதத்தோடு திரும்பி வரக்கூடாது என்று முடிவு செய்தேன். நீ திரும்பி வரவில்லை. இன்றைக்கு எஸ்டேட் ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய். அந்த நாற்காலிக்கு விலை நம் இருவருக்கும் நடுவில் ஒரு தபால்காரர் நிற்பது. தெரிந்துதான் கொடுத்தேன்.

சரி, காருக்கு வருகிறேன். உன் கல்யாணத்துக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே, இருக்கிறது. நம் காரைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும், அது வந்தபோது நீ வேலைக்குப் போய்விட்டாய். உன் மாமன் திருச்சியில் பாய்லர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறானே, அங்கே செக்கோஸ்லோவாகியாவிலிருந்து இன்ஜினீயர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன கார் அது. மாமன் அதை ஓட்டிக்கொண்டு வந்து களத்தில் நிறுத்தி, "இது செக் காருங்க மாமா" என்றான். அவ்வளவுதான். எண்ணெய் ஆட்டுகிற செக்கு என்று நினைத்து, செக்குக் கார் என்று ஊர் முழுக்கப் பேராகிவிட்டது. மாட்டுக்குக் கடலைப் பிண்ணாக்கு விற்க வருகிறவர்கள்கூட, "பெட்ரோலா, கடலெண்ணெயுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அதற்குத் தோதாக அந்தக் காருக்கு எல்லாமே தலைகீழ். எஞ்சின் பின்னால், சாமான் வைக்கிற பெட்டி முன்னால். கோவிலில் பூசை போடப் போனபோது பூசாரி முன்மூடியைத் திறந்து, காலிப் பெட்டியைப் பார்த்து, திருநீற்றுத் தட்டோடு திகைத்து நின்றார். எஞ்சின்தான் சாமியைப் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். நானும் உன் அம்மாவும் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம்.

காரின் மூக்கில் சிறகு வைத்த அம்பு ஒன்று இருக்கும். ஓர் இந்தியன் தலையைப் பார்த்து அதை வரைந்ததாக ஒரு பேச்சு உண்டு என்று மாமன் ஒரு நாள் சொல்லிவிட்டான். நம்ம ஆள் தலையைச் செக்கு நாட்டுக்காரன் கார்மேல் வைத்திருக்கிறான் என்று டீக்கடைவரை போய்விட்டது. அது அமெரிக்காவில் தலையில் இறகு சூடுகிற இந்தியன், நாம் இல்லை என்று அப்புறம் மாமனே திருத்தினான். நான் யாரையும் திருத்தப் போகவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பேச்சை நான் ஏன் கெடுக்க வேண்டும்.

பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து கார் கொட்டகையில்தான் அதிகம் நின்றது. உனக்குக் கார்டு போட்டு ஒரு வாரம் இருக்கும், மாமன் லீவில் வந்தான். வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுக் காருக்குப் பின்னால் குந்திக்கொண்டான். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து அவன் கேட்கிற ஸ்பானர் சாவியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், இந்த வண்டியை முதலில் செய்தது யார் என்று எதையோ கேட்டு வைத்தேன். அவனுக்கு அந்த இன்ஜினீயர்கள் சொன்ன கதையெல்லாம் மனப்பாடம்.

"மொதல்ல காரே இல்லீங்க மாமா, சைக்கிளுங்க" என்றான். "புஸ்தகக் கடை வச்சிருந்தவர் ஒருத்தருங்க. சைக்கிள் ரிப்பேராகிப் போச்சு. செஞ்ச ஜெர்மன் கம்பெனிக்கு அவுங்க பாஷையில, செக் பாஷையில, லெட்டர் போட்டாருங்க. கம்பெனி ஆபீஸ் இருந்தது அவுங்க தேசத்துலயேதான். ஆனா அப்ப அது ஆஸ்திரியா ராஜா கையில இருந்துதுங்க, ஆபீஸ் பாஷையெல்லாம் ஜெர்மன். பதில் என்ன வந்துது தெரியுங்களா? பதில் வேணும்னா எங்களுக்குப் புரியற பாஷையில எழுதுன்னு வந்துதுங்க."

நான் சாவியைக் கீழே வைத்துவிட்டேன். "திமிரு" என்றேன். "அவனோட ஊர்லயே உக்காந்துட்டு அவனோட பாஷை புரியலேன்னா என்ன அர்த்தம்? அப்பறம்?"

"அப்பறமென்னுங்க, அவருக்கு நெம்பக் கோவம் வந்துருச்சு. ஒரு மெக்கானிக்கைச் சேத்துட்டு, அவரே ரிப்பேர் பட்டறை போட்டாரு. சைக்கிள் செஞ்சாங்க, மோட்டார் சைக்கிள் செஞ்சாங்க, அதுக்கு மேல காருங்க. பின்னால பெரிய இரும்பு ஆலைக்காரங்களோட சேந்து பேரு மாறுச்சு. உலகச் சண்டையில ஜெர்மன்காரன் புடிச்சான். சண்டை முடிஞ்சு சர்க்கார் எடுத்துச்சு. பேரு மாறுச்சு, கொடி மாறுச்சு, பட்டறை மட்டும் அதே ஊர்லதானுங்க இருக்குது."

எனக்கு அந்தப் புத்தகக் கடைக்காரரை நேரில் பார்த்ததுபோல் இருந்தது. அவர் கடிதம் திரும்பியது, என் அபேட்சை திரும்பியது. அவர் பட்டறை போட்டார், நான் மகனைப் பள்ளிக்கூடம் மாற்றினேன். அவரவர் வசதிக்கு அவரவர் செய்தோம். அந்த ஜெர்மன் ஆபீஸ்காரனை மட்டும் நான் விடவில்லை. "ஒரு மனுசன் மனசுல இருக்கறதை எழுதியிருக்கறான், அதை யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேட்டா என்ன கொறஞ்சா போயிருவான்?" என்று கத்தினேன். மோர் கொண்டு வந்த உன் அம்மா சொம்போடு நின்றாள்.

"ஏனுங்க, நீங்களும் அதையேதானுங்க பையனுக்கு எழுதிப் போட்டீங்க" என்றாள்.

மாமன் காருக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தான். எந்தப் பையனுக்கு, எதற்கு என்று கேட்டான். அதற்கு மேல் மறைக்க வழியில்லை. உன் அம்மாவே சொன்னாள், தன் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சொம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவன் மறுபடி அடியில் போய் எதையோ முடுக்கினான். வெகு நேரம் முடுக்கினான், அது ஏற்கெனவே முடுக்கியதுதான் என்று எனக்கே தெரிந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தான்.

"மனசு சங்கடமாத்தானுங்க இருக்குது, இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றான். "ஆனா எம் புள்ளைக்கு என்னுங்க மாமா கொறை? அவளை வேண்டி விரும்பி ஒருத்தன் வருவான். வேற பக்கம் மனசு வச்சவனுக்குக் கட்டிக் குடுத்து அவ என்ன சொகப்படப் போறா? நீங்க அவனுக்கு மொதல்ல ஒழுங்காப் பதில் எழுதுங்க." அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் கிளம்பும்போது, மலை ஏறுவதென்றால் தண்ணீர் கேன் இரண்டு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனான். நான் மலை ஏறுவேன் என்று எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நீ இந்தக் கடிதத்தைக் கேட்டு முடித்த வாரமே திருச்சிக்குப் போய் உன் மாமன் முன்னால் நிற்க வேண்டும். கடிதம் போடாதே, நேரில் போ. திட்டினால் கேட்டுக்கொள். திட்டாவிட்டால் இன்னும் கஷ்டமாக இருக்கும், அதையும் தாங்கிக்கொள்.

அதற்குள் உன் இரண்டாவது கடிதம் வந்தது, தமிழில். மணி மணியான எழுத்து. நானே படித்தேன், தபால்காரர் வெறுமனே நின்றுவிட்டுப் போனார். எழுத்து உன்னுடையதல்ல என்பது பார்த்ததுமே தெரிந்தது. நீ சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருக்கிறார்கள். அவசரத்தில் ஓர் இடத்தில் "அப்பா சொன்னாக" என்று விழுந்திருந்தது. நம் பக்கத்தில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? அது திருநெல்வேலிப் பேச்சு. எழுதியது யார் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. தன் கல்யாணத்துக்குத் தானே கேட்டு எழுதியிருக்கிறாள், கெட்டிக்காரிதான் என்று கொஞ்சம் ஏளனமாகக்கூட நினைத்தேன். உன் அம்மாதான் கடிதத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். "அவளைப் பத்தி ரெண்டு தாளு எழுதியிருந்தானே, அதெல்லாம் எங்கீங்க?" என்றாள். தேடிப் பார்த்தேன். பெண் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கிறார், தாயார் இல்லை. அவ்வளவுதான் இருந்தது. நீ சொல்லாமல் இருந்திருக்க மாட்டாய். நீ சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, அவள் எழுதாமல் விட்டிருக்கிறாள்.

அடுத்த வாரமே காரை எடுத்தோம். ஆமாம், உனக்குத் தெரியாமல் சூரியநெல்லிக்கு வந்து போனோம். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. மூணாறு தாண்டியதும் எஞ்சின் கொதித்துவிட்டது. எப்படியோ உருட்டிக்கொண்டு வந்து, டீச்சர் வீடு எது என்று கேட்டு நிறுத்தினோம். நீ இருக்கிற ஆபீஸ் பக்கம் வரவே இல்லை. பெண் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். அவள் அப்பா ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து வீட்டில் இருந்தார். யார் எவர் என்றுகூடக் கேட்காமல், வண்டியைச் சுற்றி எழுந்த ஆவியைப் பார்த்துவிட்டு, வாளித் தண்ணீரோடு காரின் முன்பக்கம் ஓடி மூடியைத் திறந்தார். உள்ளே உன் அம்மா கொண்டு வந்த நேந்திரம் பழக் குலையும் தேங்காயும்தான் இருந்தன.

"என்னய்யா இது, எஞ்சினை ஊர்லயே கழட்டி வச்சிட்டு வந்திருக்கீகளா?" என்றார். நான் பின்பக்கத்தைக் காட்டியதும் அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் எனக்கிருந்த விறைப்பு பாதி போய்விட்டது.

நான் யாரென்று சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். வாங்க என்று உள்ளே கூப்பிட்டு, கட்டிலில் உட்கார வைத்து, பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். நான் பேச்சை எப்படி எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரே கேட்டார்: "முட்டு வலி தேவலையாய்யா? அந்தக் கிடாரி கன்னு போட்டுச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பின் பார்த்திராத மனிதர். என் முட்டியும் என் மாடும் இவருக்கு எப்படித் தெரியும்?

"ஒங்க லெட்டர் வந்தா தம்பி எடுத்துக்கிட்டு இங்கதான் வரும்" என்றார். "தமிழ் வாசிக்கத் தெரியாதில்லா, எம் மகதான் வாசிச்சுக் காட்டுவா. அந்தப் பழக்கந்தான் ரெண்டு பேருக்கும். நான் அந்தா அந்த மூலையில உக்காந்து கேப்பேன். நாலு வருசமாக் கேக்கேன். ஆளு நேர்ல பேசுத மாதிரியே இருக்கும்."

உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "தரகு வேலை பாத்தது நீங்கதானுங்க" என்று என் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மலையாளத்தில் எழுத மாட்டேன் என்று நான் பிடித்த பிடிவாதம்தான் உன்னை அந்த வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போயிருக்கிறது. நீ சொல்லியிருக்கலாம், நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது. குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "மாமன் மகளைப் பத்தி ஒரு தடவை எழுதியிருந்தீக. நல்ல படிப்பு, நல்ல குணம், நம்ம வீட்டுக்கு ஏத்த புள்ளைன்னு. அதையும் ஒரு வரி விடாம வாசிச்சா. தம்பி போதும்னுச்சு. பெரியவுக எழுதுனதை முழுசாக் கேக்கணும்னு சொல்லி, கடைசி வரைக்கும் வாசிச்சா. அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடலை." சொல்லிவிட்டு என் டம்ளரை வாங்கி இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

அவள் நினைத்திருந்தால் அந்த நாலு வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். தாண்டியது உனக்கு எப்படித் தெரிந்திருக்கும், எனக்குத்தான் எப்படித் தெரிந்திருக்கும். தனக்குச் சாதகமானதை எழுதாமல் விட்டவள், தன் வயிற்றில் அடிக்கிற வரியை வாய்விட்டுப் படித்திருக்கிறாள். நானும் உன் அம்மாவும் மலை இறங்கினோம். மறையூரில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்றியபோது, "என்னுங்க யோசனை?" என்றாள். "யோசனையெல்லாம் முடிஞ்சுது" என்றேன். நாங்கள் வந்து போனதை என் கடிதம் வரும்வரை சொல்ல வேண்டாம் என்று பெண்ணின் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்க மாட்டார், அப்படிப்பட்ட மனிதராகத்தான் தெரிந்தார்.

உனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம்தான். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொள். பெண்டாட்டியிடம் எழுத்துக்கூட்டிப் படிப்பதில் ஒரு கேவலமும் இல்லை. எனக்கும் மலையாள எழுத்து நாலு தெரிந்திருந்தால் உன் முதல் கடிதத்தைத் தபால்காரர் குரலில் கேட்காமல் உன் குரலில் கேட்டிருப்பேன். அவரிடமே படிக்க ஆரம்பித்திருக்கிறேன், அ ஆ வரைக்கும் வந்திருக்கிறது. சிரிக்காதே.

இனி நீ கொஞ்ச நேரம் சும்மா இரு. இதைப் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் நான் பேச வேண்டும்.

அம்மிணி, நாலு வருஷமாக என் முட்டி வலியையும் என் எரிச்சலையும் உன் வாயால் சொல்லியிருக்கிறாய். அந்த நாலு வரியையும் உன்னைப் படிக்க வைத்துவிட்டேன், தெரியாமல் செய்தேன். உன் மனசு அன்று என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்கவில்லை. அவன் என் சம்மதத்தைக் கேட்டுத்தான் எழுதச் சொன்னான். சம்மதம் சொல்ல நான் யார்? கேட்க வேண்டியவன் நான்தான். உன் அப்பா மூலையில் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் கேட்கிற மாதிரி, எதையும் விடாமல் சத்தமாகப் படி: எங்கள் வீட்டுக்கு மருமகளாக வர உனக்குச் சம்மதமா என்று நானும் உன் அத்தையும் கேட்கிறோம்.

பதிலை அவன் சொல்லச் சொல்ல எழுதாதே. நீயாக எழுது.